இருட்டறையில் பிறக்கும் படம்

புகைப்படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஓவியன் தன் மனத்தில் தோன்றியதைத் தீட்டலாம். கவிஞன் இல்லாததையும் பாடலாம். ஒளிப்படக் கருவியோ தன் முன் இருப்பதை மட்டுமே பதிவு செய்யும் என்று எண்ணுகிறோம். நீதிமன்றத்தில் சான்றாகவும், கடவுச் சீட்டில் அடையாளமாகவும், இல்லத்தின் சுவரில் இறந்தோர் நினைவாகவும் புகைப்படத்தை நாம் ஏற்றுக்கொள்வதற்கு இந்நம்பிக்கையே அடிப்படை. ஆகவேதான் ‘இந்தப் படம் திருத்தப்பட்டது’ என்று எவரேனும் கூறினால் ஏமாற்றப்பட்டது போன்ற ஓர் உணர்வு நமக்குள் எழுகிறது.

ஆனால் புகைப்படக் கலையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், திருத்தம் என்பது கணினியோடு வந்த நேற்றைய பழக்கமன்று என்பது விளங்கும். கலை எவ்வளவு பழையதோ, ஏறத்தாழ அவ்வளவு பழையது திருத்தமும். அதன் துணையின்றிப் பிறந்திருக்க முடியாத மேன்மையான படைப்புகள் பல உண்டு. அதே கருவிகளைக் கொண்டு இழைக்கப்பட்ட கொடிய பொய்களும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய வரலாறு நமக்கு எவ்வாறு உதவுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வானத்தை இழந்த படங்கள்

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பாரிசு நகரில் தாகேர் என்பாரின் முறை உலகிற்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவான அப்படம் ஒவ்வொன்றும் தனித்த ஒன்று. அதிலிருந்து படி எடுக்க இயலாது. 1841-இல் இங்கிலாந்தில் டால்பட் காப்புரிமை பெற்ற முறை இந்நிலையை மாற்றியது. அம்முறையில் முதலில் ஒளியும் நிழலும் இடம் மாறிய ‘நெகடிவ்’ கிடைக்கும். அதிலிருந்து வேண்டிய அளவு படிகளை எடுத்துக்கொள்ளலாம். படம் எடுப்பது ஒரு செயல், படியெடுப்பது மற்றொரு செயல் என்று ஆயிற்று. இரண்டிற்கும் இடையே ஓர் இருட்டறை வந்தது. அதற்குள் ஒரு மனிதனின் கையும் மனமும் நுழைந்தன. திருத்தத்திற்கான வாயில் அன்றே திறந்துவிட்டது.

அவ்வாயிலில் நுழையுமாறு கலைஞர்களைத் தூண்டியது ஏமாற்றும் எண்ணமன்று, வானம்தான். அக்கால இரசாயனப் பூச்சுகள் நீல ஒளியை மிகுதியாகவும் பிற நிறங்களைக் குறைவாகவும் ஏற்றன. மண்ணையும் மரத்தையும் பதிவு செய்யப் போதுமான நேரம் கருவியைத் திறந்து வைத்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சிட்ட படத்தில் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். மேகங்களுக்கு ஏற்றவாறு நேரத்தைக் குறைத்தால் நிலம் இருளில் மூழ்கும். கண் ஒருங்கே காணும் வானையும் கடலையும் கருவியால் ஒருங்கே காண முடியவில்லை.

பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகளில் இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானுக்கு மற்றொரு நெகடிவ் என எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களின் மேல் அவர் பயன்படுத்தியதும் உண்டு. கண்டவர்கள் வியந்தனர். அவர் பொய் சொன்னாரா? கரையில் நின்ற எவருடைய கண்ணும் மேகத்தையும் அலையையும் சேர்த்தே கண்டிருக்கும். கருவியின் குறையை அவர் கையால் நிறைவு செய்தார் என்பதே பொருந்தும். ஆயினும் அந்த மேகம் அந்த அலையின் மேல் அந்த வேளையில் நிற்கவில்லை என்பதும் உண்மை. திருத்தத்தின் பயனும் சிக்கலும் இந்த ஒரே எடுத்துக்காட்டில் அடங்கிவிடுகின்றன.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1856 முதல் 1860 வரை சென்னை அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், தஞ்சை, திருச்சி, மதுரை முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் பெரிய மெழுகுத்தாள் நெகடிவ்களில் பதிவு செய்தார். இராணுவ அதிகாரியாகிய அவர் துல்லியத்தைப் பெரிதும் போற்றியவர். அவரும் வெறுமையான வானத்தைக் கண்டு மனம் பொறாமல், நெகடிவின் மீது வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்ததுண்டு. அவரே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். ஒரே பார்வையில் எவராலும் காண இயலாத அந்த நீண்ட எழுத்து வரிசையை வெட்டியும் ஒட்டியுமே அவரால் காட்ட முடிந்தது. அவர் தீட்டிய மேகம் கற்பனை. அவர் ஒட்டிய கல்வெட்டோ வரலாற்று ஆவணம். இரண்டும் ஒரே கையின் திருத்தங்களே.

இரு வழிகள்

திருத்தத்தைக் குறைநீக்கும் உத்தி என்ற நிலையிலிருந்து படைப்பின் மொழி என்ற நிலைக்கு உயர்த்தியவர் ஆஸ்கார் ரெயிலாண்டர். சுவீடனில் பிறந்து இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரில் தொழில் செய்த இவர், 1857-இல் ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற படத்தை உருவாக்கினார். நடுவில் முதியவர் ஒருவர் நிற்கிறார். அவருடைய இருபுறமும் இரண்டு இளைஞர்கள் வாழ்க்கையின் வாசலில் அடியெடுத்து வைக்கின்றனர். ஒருவன் ஆவலோடு விரையும் பக்கத்தில் சூதும் மதுவும் சிற்றின்பமும். மற்றவன் அமைதியாகத் திரும்பும் பக்கத்தில் செபமும் உழைப்பும் இரக்கச் செயலும். முன்புறத்தில் மனமாற்றத்தைக் குறிக்கும் ஓர் உருவம். முதல் திருப்பாடலிலும் ஆண்டவரின் மலைப்பொழிவிலும் தொடக்கத் திருச்சபையின் ‘திதக்கே’ நூலிலும் நாம் காணும் இரு வழிகளின் போதனையை ஒளியால் எழுதும் முயற்சி அது.

முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைத் தனித்தனியே எடுத்து, ஒன்றை அச்சிடும்போது மற்ற இடங்களை மறைத்து, ஒவ்வோர் உருவமாகத் தாளில் பதித்துச் சென்றார் ரெயிலாண்டர். இப்பணி முடிய ஆறு வாரங்கள் ஆயின. மான்செஸ்டர் நகரில் அவ்வாண்டு நடைபெற்ற மாபெரும் கலைக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் ஒரு படியை விலைக்கு வாங்கினார்.

எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. தீய வழியின் பக்கத்தில் ஆடையற்ற உருவங்கள் இருந்தன. ஓவியக் கூடங்களில் அத்தகைய உருவங்களை முகஞ்சுளிக்காமல் கண்டவர்களே இங்கு முகஞ்சுளித்தனர். ஓவியத்தில் இருப்பது வண்ணம். புகைப்படத்தில் இருப்பதோ உண்மையில் எங்கோ ஒரு நாள் கருவியின் முன் நின்ற ஒரு மனித உடல். முப்பது துண்டுகளை இணைத்த கற்பனை இது என்று அறிந்தும் அவர்களால் அந்த உணர்விலிருந்து விடுபட முடியவில்லை. புகைப்படத்தின் ஆற்றலும் ஆபத்தும் இங்கே ஒருங்கே வெளிப்படுகின்றன. எவ்வளவுதான் திருத்தினாலும், ‘இது நிகழ்ந்தது’ என்ற குரல் புகைப்படத்தை விட்டு நீங்குவதில்லை.

அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களை இணைத்து ‘மங்கி மறைதல்’ என்ற படத்தை வெளியிட்டார். காச நோயால் சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண், அருகில் உற்றார், சாளரத்தின் பக்கம் திரும்பி நிற்கும் ஓர் ஆண். அப்பெண் நோயாளியல்லள், நோயாளியாக நடித்தவள். இத்தகைய துயரத்தைப் புகைப்படத்தில் காட்டுவது தகாது என்று பலர் கண்டித்தனர். அதே காட்சியை ஓவியமாகத் தீட்டியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ரெயிலாண்டரோ ஓயாத கண்டனங்களால் சோர்ந்து, இவ்வகைக் கூட்டுப்படங்களைக் கைவிட்டார். 1875-இல் வறுமையில் இறந்தார். எனினும் புகைப்படமும் சிந்தனையைச் சொல்லவல்லது என்பதை அவர் நிலைநாட்டிச் சென்றார்.

திருத்தாதவர் மீது விழுந்த பழி

திருத்தம் பெருகியதன் விளைவாக மற்றொன்றும் நேர்ந்தது. திருத்தாத படத்தையும் மக்கள் ஐயுறத் தொடங்கினர். இத்தாலியின் தூரின் நகரில் வழக்கறிஞராக இருந்த செக்கொந்தோ பியா, 1898-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இரவு, இயேசுவின் திருவுடலைப் பொதிந்தது எனப் போற்றப்படும் துணியைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். இருட்டறையில் நெகடிவைத் தூக்கிப் பார்த்தபோது, துணியில் மங்கலாகத் தெரிந்த முகம் அங்கே இயல்பான ஒளி நிழலோடு தெளிவாகத் தோன்றியது. வழக்கமாக நெகடிவில் முகம் மாறுபட்டுத் தெரியும்; இங்கோ நெகடிவே நேர்ப்படம் போல் விளங்கியது.

செய்தி பரவியதும், பியா படத்தில் ஏதோ கைவேலை செய்துவிட்டார் என்ற பேச்சு கிளம்பியது. 1931-இல் ஜுசெப்பே என்ரியே என்ற தொழில்முறைப் புகைப்படக்காரர் அத்துணியை மீண்டும் படம் எடுத்தார். அதே தோற்றம் கிடைத்தது. பியா உயிரோடு இருக்கும்போதே அவர்மீது விழுந்த பழி நீங்கியது. துணியின் காலம் பற்றிய விவாதம் வேறு. 1988-இல் செய்யப்பட்ட கரிமக் கணிப்பு அதனை 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது எனக் காட்டியது; அதன்பின்னும் ஆய்வுகள் தொடர்ந்தன. நாம் இங்குக் கருதவேண்டியது பியாவின் நிலையை. பொய்யான படங்கள் மலிந்த உலகில், உள்ளதை உள்ளவாறு காட்டியவர் 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொய்ப்படம் செய்பவர் தம் படத்தைப் பார்ப்பவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. மெய்யாகப் படம் எடுப்போர் அனைவருடைய நற்பெயரையும் களவாடுகிறார்.

ஒரு நெகடிவ், ஆயிரம் வாசிப்புகள்

திருத்தத்தைப் படைப்பின் உச்சத்திற்குக் கொண்டு சென்றவர்களுள் அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ் முதல்வரிசையில் நிற்கிறார். இளமையில் பியானோக் கலைஞராகப் பயிற்சி பெற்றவர் அவர். நெகடிவ் என்பது இசையமைப்பாளன் எழுதிய குறிப்பு போன்றது, அச்சிடுதல் என்பது அதனை மேடையில் வாசிப்பது போன்றது என்பது அவர் கருத்து. குறிப்பு ஒன்றுதான், ஆனால் அதே கலைஞன் வாசித்தாலும் இளமையில் ஒருவகையாகவும் முதுமையில் வேறுவகையாகவும் ஒலிக்கும்.

இக்கருத்திற்கு அவருடைய புகழ்பெற்ற படமே விளக்கம். நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்ற சிற்றூர். மாலை வேளையில் காரில் அவ்வழியே வந்த ஆடம்ஸ், ஒரு சிறிய ஆலயத்தையும் அதன் அருகே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளையும் கண்டார். மறையும் கதிரவனின் கடைசி ஒளி அச்சிலுவைகளின் மேல் வெண்மையாகப் படிந்திருந்தது. கீழ்வானில் நிலவு எழுந்திருந்தது. அவசரத்தில் ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் அதைக்கொண்டு கணக்கிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்குத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த ஒளி போய்விட்டது.

அந்த நாள் எது என்பதை ஆடம்சே சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை. நிலவின் இருப்பிடத்தைக் கொண்டு பின்னாளில் கணக்கிட்ட வானியல் ஆர்வலர்கள், அது 1941-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாலை என்று முடிவு கண்டனர். அது அனைத்துப் புனிதர் பெருவிழா நாள் என்பதும், மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதும் நம் வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆடம்ஸ் இதைத் திட்டமிடவில்லை. எனினும் அச்சிலுவைகளின் மேல் விழுந்த ஒளியை நாம் இனி வேறு கண்ணோடு பார்ப்போம்.

அந்த நெகடிவ் அச்சிடுவதற்கு மிகக் கடினமானது. கீழே நிலப்பகுதி மெலிந்து கிடந்தது. மேலே வானில் மேகங்கள் சிதறித் தெரிந்தன. அச்சிடும்போது தாளின் ஒரு பகுதிக்குச் செல்லும் ஒளியைக் கையாலோ அட்டையாலோ தடுத்தால் அப்பகுதி வெளுக்கும். கூடுதல் ஒளி விட்டால் கறுக்கும். இந்த எளிய உண்மையைக் கொண்டே ஆடம்ஸ் நாற்பது ஆண்டுகள் உழைத்தார். 1948-இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை இரசாயனத்தால் வலுப்படுத்தினார். 1,300-க்கும் மேற்பட்ட படிகளைத் தம் கையாலேயே எடுத்தார். முதல் படிகளில் வானம் சாம்பல் நிறமாக, மேகக் கீற்றுகளோடு இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வானம் இருண்டு, இறுதிப் படிகளில் ஏறத்தாழ முழு இருளாகிறது. அந்த இருளில் நிலவும் சிலுவைகளும் மட்டுமே ஒளிர்கின்றன.

இதில் எது உண்மை? இருந்த எதையும் அவர் வெட்டி எறியவில்லை. இல்லாத எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. அந்த மாலையில் தம் உள்ளம் உணர்ந்த அமைதியைத் தாளில் காண நாற்பது ஆண்டுகள் முயன்றார். அதுவே படைப்பாளியின் திருத்தம்.

விலக்குவதும் திருத்தமே

கத்தரியும் தூரிகையும் தொடாத படத்திலும் திருத்தம் உண்டு. எதைப் படத்தின் சட்டத்திற்குள் வைப்பது, எதை வெளியே விடுவது, எடுத்தவற்றுள் எதை மக்களுக்குக் காட்டுவது என்னும் தீர்மானங்களும் திருத்தமே. இராபர்ட் பிராங்க் 1955 முதல் 1957 வரை அமெரிக்கா முழுவதும் சுற்றி ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார். 1958-இல் பாரிசில் வெளிவந்த ‘அமெரிக்கர்கள்’ என்ற நூலில் அவர் வைத்தவை 83 மட்டுமே. ஒதுக்கியவை குறையுடையன என்பதல்ல. 83 படங்கள் அடுத்தடுத்து நின்று சொல்லும் செய்தியை அவை மழுங்கச் செய்யும் என்பதே காரணம். நெல்லைத் தூற்றுபவன் பதரை மட்டும் பறக்க விடுகிறான். கலைஞனோ நல்ல நெல்லையும் மனமின்றிப் பிரித்து வைக்க வேண்டியுள்ளது.

இத்தேர்வை யார் செய்வது என்பதும் சிறிய வினாவன்று. ‘லைஃப்’ இதழின் யூஜின் ஸ்மித், ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணி செய்த ஆல்பர்ட் சுவைட்சரைப் பற்றிய படக்கட்டுரையை 1954-இல் உருவாக்கினார். தம் படங்களை இதழாசிரியர்கள் தேர்ந்தெடுத்து அமைத்த முறை உண்மையைக் குறைத்துவிட்டது என வருந்தி, அவ்விதழிலிருந்தே விலகினார். ஆனால் அக்கட்டுரையின் முதன்மையான படத்தில், மரத்தச்சு வேலை நடக்குமிடத்தில் நிற்கும் சுவைட்சரின் முன்னே நிழலுருவமாகத் தெரியும் கையும் வாளின் கைப்பிடியும் வேறொரு நெகடிவிலிருந்து ஸ்மித்தே சேர்த்தவை. பிறர் திருத்தியதைப் பொறுக்காதவர் தாமே திருத்தினார். இதை வெறும் முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. தாம் கண்ட மனிதரைத் தெளிவாகக் காட்டவே சேர்த்ததாக அவர் எண்ணியிருக்கலாம். ஆயினும் செய்தி இதழை விரித்த வாசகர், அது நிகழ்ந்தவாறே எடுத்த படம் என்றே நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவர் கடன்பட்டிருந்தார்.

அழிக்கப்பட்ட முகங்கள்

இதே கலை கொடுங்கோலரின் கையில் என்ன ஆனது என்பதையும் நாம் மறக்கலாகாது. சோவியத் ஒன்றியத்தின் இரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த நிக்கலாய் யெசோவ், மாஸ்கோ–வோல்கா கால்வாயின் கரையில் ஸ்டாலினின் அருகில் நடந்துவரும் படம் ஒன்று உண்டு. 1940-இல் யெசோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் வெளிவந்த அதே படத்தில் ஸ்டாலினின் அருகே கால்வாய் நீர் மட்டுமே தெரிகிறது. 1920 மே 5-ஆம் நாள் லெனின் சொற்பொழிவாற்றும் படத்திலிருந்து டிராட்ஸ்கியும் காமெனேவும் இவ்வாறே நீக்கப்பட்டனர். யெசோவ் தாமே எண்ணற்றோரின் சாவிற்குக் காரணமானவர். எனினும் எந்த மனிதனும் இருந்ததே இல்லை என்று ஆக்கப்படலாகாது.

லெ கிரேயின் அடிவானக் கோட்டை இணைத்த அதே நுட்பம் இங்கே ஆளை அழித்தது. நுட்பத்தில் வேறுபாடு இல்லை. நோக்கம் வேறு, பார்ப்பவரோடு செய்துகொள்ளும் உடன்பாடு வேறு. ரெயிலாண்டரின் படம் தன்னை உவமை என்று அறிவித்துக்கொண்டது. சோவியத் படமோ தன்னைச் சாட்சி என்று சொல்லிக்கொண்டு பொய்ச்சாட்சி கூறியது.

நம் காலம்

1990-இல் ‘போட்டோஷாப்’ என்னும் கணினி நிரல் விற்பனைக்கு வந்தபின், ரெயிலாண்டர் ஆறு வாரம் பாடுபட்ட வேலை சில மணி நேரத்தில் முடிவதாயிற்று. அதற்கு முன்பே, 1982 பிப்ரவரியில், ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் தன் அட்டைக்குப் பொருந்துமாறு எகிப்தின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்துக் கண்டனத்திற்கு ஆளாகியிருந்தது. இன்றோ கருவியும் வேண்டா, நெகடிவும் வேண்டா. சில சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு படத்தைத் தந்துவிடுகிறது. 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் பருத்த வெள்ளைக் குளிர்கால அங்கி அணிந்து நிற்பதுபோல் ஒரு படம் உலகெங்கும் பரவியது, பலர் நம்பினர். அப்படி ஒரு காட்சி நிகழவே இல்லை. 2024-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இத்தகைய பொய்ப்படத்திற்குத் தாமும் இலக்கானதை அவரே குறிப்பிட்டார்.

இந்நிலையில் திருத்தம் அனைத்தையும் வெறுத்து ஒதுக்குவது எளிது. அது சரியான வழியாகாது. நம் ஊர்களின் பழைய ஸ்டூடியோக்களை எண்ணிப் பாருங்கள். கூரிய பென்சிலால் நெகடிவில் ‘டச்சிங்’ செய்து அம்மைத் தழும்பை மறைத்த கைகள் எத்தனை! சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் இறந்துபோன தாயையும் தந்தையையும், தனித்தனிப் படங்களிலிருந்து எடுத்து, ஒரே சட்டத்திற்குள் அருகருகே அமர்த்திக் கொடுத்த படங்கள் எத்தனை வீடுகளில் உள்ளன! அவர்கள் அவ்வாறு அமர்ந்தது இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது உண்மை. அந்த உண்மைக்கு ஒரு படம் இல்லாத குறையைத் திருத்தும் கை தீர்த்து வைத்தது. அதில் ஏமாந்தவர் எவருமில்லை.

ஆகவே திருத்தப்பட்ட படம் ஒன்று நம்முன் வரும்போது சில வினாக்களை எழுப்பிக்கொள்வது நலம். இது தன்னை உவமை என்கிறதா, சாட்சி என்கிறதா? திருத்திய கை கண்ட உண்மையைத் தெளிவாக்க முயன்றதா, மறைக்க முயன்றதா? படத்தில் இருப்பவருடைய மாண்பு இதனால் காக்கப்பட்டதா, சிதைக்கப்பட்டதா? இவ்வினாக்களைக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கற்றுத்தருவது பெற்றோரின் கடமையாகிவிட்டது. ஏனெனில் படங்களை எடுப்பவர்களும் திருத்துபவர்களும் பரப்புபவர்களும் இன்று அவர்களே. கையில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓர் இருட்டறையையும் உடன் வைத்திருக்கிறார். அதற்குள் என்ன செய்கிறோம் என்பதை வேறெவரும் காண்பதில்லை. வெளியே வரும் படத்தை மட்டுமே மற்றவர்கள் காண்கிறார்கள்; அதை நம்பவும் செய்கிறார்கள்.